மேலே கிடந்த குலைகள்

“எத்தன மணிக்கு வருவ?” என்று என் மனைவி கேட்டால், பக்கத்து வீட்டுக்காரி ஒரே ஒரு மணியைச் சொல்லி நான் கேட்டதில்லை. “ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவுலக்கா. அநேகமா ஏழு பத்து. மழ வந்துட்டா நான் சொன்னத வெச்சுக்காதீங்க” என்பாள். இத்தனைக்கும் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இருந்தது இடுப்பளவு கம்பிவேலி மட்டும்தான். தோசைக்கல்லை எப்போது அடுப்பில் வைப்பது என்று தெரியாமல் என் மனைவி பல்லைக் கடிப்பாள். மலேசியாவில், லூனாஸில் உள்ள எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் ‘கூடக்கொறய’ என்ற பெயர் பரவியதற்கும் என் மனைவிதான் காரணம். அவளுக்கே அது தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

பேசும்போது வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டுவாள். நன்றாகத் தெரிந்த விஷயமென்றால் விரல்கள் நெருங்கியிருக்கும். சந்தேகம் கூடக்கூட அகலும். சில நாள்களில் நான் அவள் சொல்வதைக் காதில் வாங்காமல் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவே போதுமானதாக இருந்தது.

எங்கேயோ வெளிநாட்டில் படித்து, அங்கேயே ஓர் ஆராய்ச்சிக் குழுவில் வேலை பார்த்து, அம்மாவுக்கு முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் போனதும் திரும்பி வந்தவள். அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும், கூடக்குறைய. வீட்டில் உட்கார்ந்தபடி கணினியில் அந்த வெளிநாட்டுக் குழுவுக்கே வேலை செய்துகொண்டிருந்தாள். வானத்தை ஆராய்கிற வேலை என்று தெரிந்ததும் தாமானில் ஆளாளுக்கு ஒன்று எதிர்பார்த்தார்கள். கோயில் தலைவர் தன் மகனுடைய ஜாதகத்தைக் கொண்டுவந்துவிட்டார். அவள் மரியாதையாக வாங்கிப் பார்த்து, “மாமா, நான் பாக்கறதெல்லாம் ரொம்ப தூரத்துல இருக்கறது. உங்க பையனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கற மாதிரி தெரியல” என்றாள். ‘இல்லை’ என்று அடித்துச் சொல்லாததால் தலைவர் கொஞ்சம் நம்பிக்கையோடுதான் திரும்பிப் போனார். இன்னொரு ஏமாற்றம், அவள் இரவு ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துத் தூங்கிவிடுவாள். தொலைநோக்கி என்று ஒரு சாமான் அவள் வீட்டில் இல்லவே இல்லை.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் கிரேடராக இருக்கிறேன். லோரியில் வரும் பழக்குலைகளைப் பார்த்து, பழுத்தது, அரைப்பழம், காய் என்று தரம் பிரித்து எழுதுவது என் வேலை. ஒருநாள் வேலியருகே துணி காயப்போட்டுக்கொண்டே அதைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள்.

“ஒரு கொலையில எண்ணெ எவ்ளோ இருக்குன்னு எப்படிண்ணே தெரியும்?”

“லேப்ல கொண்டுபோய்ப் பிழிஞ்சு பாத்தா சரியாத் தெரியும். லோரி லோரியா வர்றத அப்படிப் பாக்க முடியுமாலா? நெறத்தப் பாப்போம், எத்தன பழம் உதுந்திருக்குன்னு பாப்போம். சொல்லிருவோம்.”

ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். “நானும் அதையேதாண்ணே செய்யறேன்.”

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வானத்தில் வெகுதொலைவில் கோடிக்கணக்கில் விண்மீன் மண்டலங்கள் இருக்கின்றன. தூரம் கூடக்கூட அவற்றின் வெளிச்சம் சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடுமாம். அந்த வெளிச்சத்தை மணிக்கணக்கில் சேகரித்து, இழை இழையாகப் பிரித்துப் பார்த்தால் தூரத்தைச் சரியாகச் சொல்லிவிடலாம். அது அவளுடைய லேப். ஆனால் மங்கலானவற்றுக்கு அப்படிச் செய்ய ஆயுசு போதாது. அதனால் ஐந்தாறு நிறக் கண்ணாடி வழியாகப் படமெடுத்து, எந்த நிறத்தில் எவ்வளவு வெளிச்சம் வந்தது என்று மட்டும் பார்ப்பார்கள். தூரம் ஏற்கெனவே தெரிந்தவற்றை வைத்துக் கணினியைப் பழக்கி, தெரியாதவற்றின் தூரத்தை நிறத்தைக் கொண்டே மதிப்பிடுவார்கள். அப்படி வரும் விடை ஒற்றை எண்ணாக இருக்காது. இங்கிருந்து இதுவரைக்கும், அதிலும் இந்த இடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் வரும்.

ஒருமுறை திரையில் ஒன்றைக் காட்டினாள். வாய்ப்பைக் காட்டும் கோட்டில் பெரிய மேடு ஒன்று, அதற்கு வெகுதூரம் தள்ளிக் குட்டி மேடு ஒன்று. பக்கத்தில் இருக்கும் வயதான மண்டலமும் வெகுதூரத்தில் இருக்கும் இளசும் சில சமயம் ஒரே நிறத்தில் வந்து நிற்குமாம். இது தூரத்தில் இருப்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு, பக்கத்தில் இருப்பதற்கு எட்டு.

“தூரம்னு எழுதித் தொலையேன்லா. தொண்ணூத்திரண்டு போதாதா?” என்றேன்.

“அப்ப அந்த எட்ட எங்கண்ணே கொண்டுபோய் விடுறது?” என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அதற்கு ஓர் இடம் வேண்டுமென்று நினைத்தாள்.

கோயில் திருவிழாவின்போது நடந்ததைச் சொன்னால் அவளை இன்னும் கொஞ்சம் விளங்கும். அன்னதானத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தலைவர் அவளிடம் கேட்டார். அவள் முந்தைய வருடங்களின் விவரத்தையெல்லாம் கேட்டுவிட்டு, “ஐந்நூறுலேர்ந்து எழுநூறு மாமா. நடுவுல அறுநூறு” என்றாள். தலைவர் காதில் அறுநூறு மட்டும்தான் விழுந்தது. எழுநூறுக்கும் மேலே கூட்டம் வந்துவிட்டது. சாம்பார் மிஞ்சியது, சோறு தீர்ந்துபோனது. சமையல்காரர் கத்தினார், தலைவர் அவளைக் கைகாட்டினார். நான் அவளுக்காக வாய்ச்சண்டைக்குத் தயாராகிவிட்டேன். எழுநூறு வரை என்று அவள் சொன்னதை நானே பக்கத்தில் நின்று கேட்டேனே!

அவள் என்ன செய்தாள் தெரியுமா? காலித் தட்டோடு வரிசையில் நின்றவர்கள் முன்னால் போய், “மன்னிச்சிருங்க, கணக்குப் போட்டது நான்தான். இன்னும் அகலமா சொல்லியிருக்கணும், ரொம்பக் குறுக்கிச் சொல்லிட்டேன்” என்றாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ‘அகலமா’ என்றால் என்னவென்று ஓர் அம்மா என்னைக் கேட்டார். தலைவருக்கே முகம் சுருங்கிவிட்டது. தானே மோட்டோவை எடுத்துக்கொண்டு போய் ரொட்டி வாங்கி வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அவளைப் பிடித்துக்கொண்டாள். “ஒன் மேல தப்பே இல்லையே. ஏன் நீயா போயி ஏத்துக்கற?”

“எழுநூத்துக்கு மேல வந்தாங்கல்லக்கா. அது என் தப்புதான். நானே சொல்லிட்டா வேற யாரும் தேடவேண்டாம்ல” என்றாள்.

அவள் அப்படித்தான். தன் கணக்கு எவ்வளவு தப்பலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவாள். தப்பிவிட்டால் அதையும் பிறருக்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவு வசதியான குணம் இல்லை. நாமும் அப்படி இருக்கவேண்டுமோ என்று தோன்றிவிடும். எனக்குத் தோன்றியது.

ஒருநாள் காலையில் என் மோட்டோ டயர் பஞ்சர். தன் காடியில் என்னை ஆலைக்குக் கொண்டுவந்து விட்டாள். விட்டவள் உடனே போகவில்லை. “கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறேண்ணே” என்று குலை கொட்டும் ரேம்ப் சரிவின் ஓரமாக நின்றுகொண்டாள். ஒரு லோரி வந்து சரிவில் குலைகளைக் கொட்டியது. நான் கொக்கியால் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துத் தாளில் எழுதினேன். பிறகு என்னோடு வேலை பார்க்கும் மலாய்க்காரர் வந்து, அதே குவியலில் தன் பங்குக்குச் சிலவற்றை எடுத்துப் பார்த்தார். அவர் எழுதியதும் நான் எழுதியதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. பல வருடங்களாக அப்படித்தான் இருக்கும். அதில் மேனேஜருக்கு எங்கள்மேல் ஒரு தனி மரியாதை. எனக்கும் பெருமைதான். அவள் பார்க்கட்டும் என்று இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

“அடியில இருக்கற கொலைய எப்ப எடுப்பீங்க?” என்று கேட்டாள்.

“அடியிலயா? இத்தன பாரத்துக்குக் கீழ யாரு இழுக்கறது? முதுகு போயிரும். மேல முன்னால விழுந்து கெடக்கறத எடுப்போம்.”

“சரி பாக்கறாரே அவரு?”

“அவரும் மேலதான்.”

அவள் இரண்டு தாள்களையும் மறுபடி பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. வெயில் தாங்கவில்லையோ என்று நினைத்து, “கேண்டீன்ல குடிக்க ஏதாச்சும் தண்ணி கலக்கச் சொல்லட்டா?” என்றேன். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, காடியை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். என் வேலையைப் பார்த்துத்தான் அருவருத்துப் போகிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது.

அவள் நினைத்தது என் வேலையை அல்ல. மறுநாள் சாயங்காலம் வேலியருகே வந்து சொன்னாள். தூரம் சரியாகத் தெரிந்தவையெல்லாம் பிரகாசமான மண்டலங்கள். அவற்றை வைத்துத்தான் கணினியைப் பழக்கினாள். மங்கலானவை வேறு மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அதற்குக் கணக்கில் ஒரு திருத்தமும் செய்திருந்தாள். அந்தத் திருத்தம் சரியா என்று சோதிக்கக் கொஞ்சத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்தாள். விடை அழகாகப் பொருந்தியது. ஆனால் ஒதுக்கி வைத்தவையும் பிரகாசமானவற்றிலிருந்து எடுத்தவைதான்.

“நானும் மேலேர்ந்து எடுத்து, மேலேர்ந்தே சரி பாத்திருக்கேண்ணே. ரெண்டும் ஒத்துப்போச்சுன்னு இவ்ளோதான் தப்பும்னு எழுதி அனுப்பிட்டேன்” என்று விரல்களைக் காட்டினாள். அவை மிகவும் நெருங்கியிருந்தன. அந்தத் தூரங்களின் பட்டியல் போய் ஒரு வருடமாகியிருந்தது. அதை வைத்து எத்தனையோ பேர் தங்கள் ஆராய்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வாரம் அவளைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. வேறு வழியில் சோதித்துக்கொண்டிருந்தாள். விண்மீன் மண்டலங்கள் தனித்தனியாகத் திரிவதில்லை, கூட்டமாகத்தான் இருக்கும். தூரம் தெரிந்த ஒன்றைச் சுற்றி மங்கலானவை வழக்கத்தைவிட அதிகமாகக் கூடியிருந்தால், அவற்றில் பலவும் அதே தூரத்தில்தான் இருக்கவேண்டும். ஒவ்வொன்றின் தூரமும் இதில் தெரியாது, மொத்தக் கூட்டமும் எந்தத் தூரங்களில் பரவியிருக்கிறது என்று தெரியும். இதைக் கேட்ட என் மனைவி, “மாப்ள விசாரிக்கற மாதிரிதானே. யாரோட சேந்து சுத்துறான்னு பாத்தா ஆளு வெளங்கிரும்” என்றாள். அதைக் கேட்டு அவள் சிரித்தாள். அந்த மூன்று வாரத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு.

சோதனையில் தெரிந்தது இதுதான். மிகவும் மங்கலானவை, அவள் எழுதி அனுப்பியதைவிட இன்னும் தூரத்தில் இருந்தன. எல்லாம் அல்ல, ஆனால் மொத்தமாகப் பார்த்தால் அப்படி. அவள் கொடுத்திருந்த எல்லை அதைத் தாங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தாள். குழுவின் தலைவி தொலைபேசியில் பேசினாராம். அவர் நல்லவர், இவளை இவ்வளவு தூரத்திலிருந்து வேலை செய்ய அனுமதித்தவரே அவர்தான். இரண்டு மாதத்தில் இவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பது பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள். அதுவரை பேசாமல் இரு, பிறகு திருத்தத்தை வெளியிடலாம் என்றாராம்.

“நல்லதுக்குத்தானே சொல்றாங்க. ரெண்டு மாசம்தானே, பொறுத்துக்கோயேன்” என்றாள் என் மனைவி.

“ஆமாலா. அம்மாவப் பாரு. இந்த வேல போச்சுன்னா வீட்லேர்ந்துக்கிட்டே பாக்கற வேல மறுபடி எங்க கெடைக்கும்?” என்று நானும் சொன்னேன்.

“தெரியும்ணே. அம்மாவ நெனச்சாத்தான் பயமா இருக்கு. ஆனா இந்த ரெண்டு மாசத்துல என் நம்பர நம்பி எத்தன பேரு கணக்குப் போட்டுக்கிட்டிருப்பாங்க? அவங்களுக்குத் தெரியாதே” என்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, “நீட்டிப்பாங்களான்னு கேட்டா, சொல்லாம இருந்தா நூத்துக்கு எண்பது. சொன்னா முப்பது. கூடக்கொறய” என்றாள். விரல்களை விரிக்கக்கூட மறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் பட்டியலைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் எழுதிவிட்டாள். தப்பு எங்கே, எப்படி நடந்தது, எவ்வளவு என்று இரண்டு பக்கம். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. காரணமாக வேறு எதையோ எழுதியிருந்தார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம் என்றாள் அவள்.

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. இரண்டு நாள் வேலிப்பக்கமே போகவில்லை. பிழைக்கத் தெரியாதவள் என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

செமிலிங் பக்கம் ஒரு பெரியவர் சின்னதாகச் செம்பனை வைத்திருந்தார். கிறிஸ்துவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் லோரி அனுப்பமாட்டார். நன்றாகப் பழுத்த குலைகளை முதலில் வெட்டி ஏற்றுவார், சந்தேகமானவற்றைக் கடைசியில்தான் தொடுவார். அதனால் அவர் லோரியில் நல்லதெல்லாம் அடியில், சுமாரானது மேலே. மற்ற லோரிக்காரர்கள் விவரமானவர்கள். கொட்டும்போது எது முன்னால் விழும் என்று தெரிந்து ஏற்றுவார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் மேலே கிடந்ததைத்தான் எடுத்தேன். பெரியவருக்கு மூன்று முறை தொடர்ந்து மோசமான தரம் விழுந்தது. இனி உங்கள் பழம் வேண்டாம் என்று ஆலை கடிதம் கொடுத்துவிட்டது. மூன்று தாளிலும் என் கையெழுத்துதான். சரிபார்த்தவர் கையெழுத்தும் இருந்தது, இருவர் கணக்கும் அழகாகப் பொருந்தியது.

அவர் ஆலைக்கு வந்து என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “தம்பி, நான் காய வெட்டற ஆளா?” நான் தாளைப் பார்த்தேன். அவர் திரும்பிப் போய்விட்டார். இது அவள் ஆலைக்கு வருவதற்கு நாலைந்து மாதத்துக்கு முன்னால் நடந்தது.

அவள் வந்துபோன மறுவாரத்திலிருந்து நான் அடிக்குலைகளையும் இழுக்க ஆரம்பித்துவிட்டேன். மலாய்க்காரரும் முனகிக்கொண்டே செய்தார். ஏன் என்று மேனேஜர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் அறை ரேம்ப்பிலிருந்து இருபதடிதான்.

ஜித்ராவில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றிய அன்று காலையில் நானும் கைகொடுத்தேன். அம்மாவின் சக்கர நாற்காலியைக் கடைசியாக ஏற்றினோம். என் மனைவி அழுதுகொண்டே எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்போது பெரியவரின் கதையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். அதுவரை யாரிடமும், என் மனைவியிடமும்கூடச் சொன்னதில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. “மேனேஜர்கிட்ட சொல்லலையாண்ணே?” என்று மட்டும் கேட்டாள்.

“சொல்லணும்னுதான் இருக்கேன். பெரியவரு வீட்டுக்கும் ஒருநாள் போயிட்டு வரணும்.”

“எப்போ?”

“சீக்கிரமா.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வழக்கம்போல் விரல்களைத் தூக்குவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு கைகளையும், எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்தாள்.

“நாளைக்குலேர்ந்து, எப்பவுமே இல்லங்கற வரைக்கும்” என்றாள்.

சிரிக்க முயன்றேன். “நடுவுல எதுன்னு சொல்லு பாப்போம்.”

“சொல்லமாட்டேண்ணே. சொன்னா அதப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருவீங்க.”

அவள் போய் நான்கு வருடமாகிறது. தீபாவளிக்கு என் மனைவியோடு தொலைபேசியில் பேசுவாள். என்னிடமும் பேசுவாள். சொல்லிவிட்டீர்களா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

போன மாதம் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் மருந்துக்காகக் காத்திருந்தபோது, பெரியவர் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, “நல்லா இருக்கியா தம்பி? இன்னும் மில்லுலதானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேலே பேச வாயைத் திறந்தேன். அதற்குள் அவருடைய எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் மெதுவாக எழுந்து, மெதுவாக நடந்து, மருந்து வாங்கிக்கொண்டு, என் முன்னாலேயே திரும்ப வந்து, தலையசைத்துவிட்டுப் போனார். நான் எழுந்திருக்கவில்லை.

அவள் சொன்ன கணக்கு இன்றுவரை தப்பவில்லை.